முயலோடு குற்றாலம் வரலாமா?



ஜூன் பிறந்துவிட்டால் தென்காசிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் போன் வரும். நல்லா இருக்கீங்களா என்ற விசாரிப்பெல்லாம் அப்புறம். முதல் கேள்வியே "தண்ணி விழுதா?" என்பதுதான். மதுரையிலிருந்து சித்தப்பா கேட்பார், கோவில்பட்டியிலிருந்து கூடப் படித்தவர் கேட்பார், சென்னைக்குப் போய்ப் பல வருஷமாகப் பேசாமலிருந்த பழைய பக்கத்து வீட்டுக்காரரும் கேட்பார். விழுது என்று சொன்ன மறுநிமிஷமே அங்கே பையில் துண்டும் எண்ணெயும் ஏறிவிடும்.

இந்தச் சீசனில் அதே போனில் இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. "அண்ணாச்சி, வீட்ல முயல் இருக்கு. ரெண்டு நாள்தான். அதையும் தூக்கிட்டு வந்துரலாமா?" ஒரு வாசகி இதைப் பற்றி நீண்ட கடிதமே எழுதியிருக்கிறார். மாமியாரும் கூட வருவதால் வீட்டில் ஆளில்லை. விட்டுவிட்டு வந்தால் மகள் அழுகிறாள். தூக்கிக்கொண்டு வந்தால் முயலுக்கு என்ன ஆகுமோ என்று இவருக்குப் பயம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, இல்லையா?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். முயலை வீட்டிலேயே விட்டு, தெரிந்த ஒருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல முடிந்தால் அதுதான் முதல் வழி. அதற்கு வழியே இல்லையென்றால் குற்றாலத்தில் நீங்கள் தங்கும் ரூம் வரைக்கும் கூட்டி வாருங்கள். அருவிப் பக்கம் மட்டும் வேண்டாம். எந்த அருவிக்கும் வேண்டாம், ஐந்து நிமிஷம் போட்டோ எடுக்கக்கூட வேண்டாம்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், முயலின் உடம்பு அப்படி. நாயைப் போலவோ பூனையைப் போலவோ அதை நினைத்துத்தான் நாம் பிளான் போடுகிறோம். நாய்க்கு வழியில் ஒரு வேளை சாப்பாடு தவறினால் ஊர் வந்ததும் இரண்டு வேளைக்கும் சேர்த்துத் தின்றுவிடும். முயல் அப்படிச் சமாளிக்காது. அதன் வயிறு ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். புல்லும் இலையும் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் அது ஓடும். நார்ச்சத்து முழுவதையும் ஒரே தடவையில் செரிக்க முடியாது என்பதால், மென்மையான ஒரு வகைப் புழுக்கையைத் தானே திரும்பத் தின்று இரண்டாம் முறை செரிக்கிறது. பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். முயலுக்கு அது மிகவும் தேவையான சத்து.

இந்த ஓட்டம் எதனால் நிற்கும்? பயத்தால் நிற்கும். வலியால் நிற்கும். தண்ணீர் குறைந்தால் நிற்கும். இரையாகப் பிறந்த பிராணி அது. தெரியாத சத்தம், தெரியாத வாசனை, வண்டியின் ஆட்டம், முகத்துக்கு நேரே வந்து கொஞ்சும் புது ஆட்கள் எல்லாமே அதற்கு ஆபத்தின் அறிகுறிகள்தான். பயந்த முயல் முதலில் செய்வது, தின்பதை நிறுத்துவது. தின்பது நின்றால் குடல் மந்தமாகும், உள்ளே வாயு சேரும், அந்த வலியில் இன்னும் தின்னாது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. 12 மணி நேரம் ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் ஒரு முயல் இருந்தால் டாக்டரிடம் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். ஒரு நாளைக்கு மேல் விட்டால் உயிருக்கே ஆபத்து. "புது இடம், அதான் சாப்பிட மாட்டேங்குது, நாளைக்குச் சரியாயிரும்" என்று இருந்துவிடாதீர்கள்.

இதை மிக எளிதாகக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முயல் வளர்க்கிற வீட்டில் யாரும் உட்கார்ந்து பார்க்க விரும்பாத வழி. கூண்டுத் தட்டைப் பாருங்கள். நன்றாக இருக்கும் முயலின் புழுக்கை கறுப்புக் கொண்டைக்கடலை அளவில், ஒன்றுபோல உருண்டையாக இருக்கும். விரலால் நசுக்கினால் உள்ளே புல் தூள் மாதிரி உதிரும். பயணத்தில் அது சிறுத்துப் போனாலோ, ஒன்றோடொன்று மயிரால் கோத்ததுபோல் வந்தாலோ, தட்டு காலியாகவே கிடந்தாலோ கவலைப்பட வேண்டும். கூடவே காதைத் தொட்டுப் பாருங்கள். வழக்கத்தைவிடச் சில்லிட்டிருந்தால், உடம்பைக் குறுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தால், அது வலியில் இருக்கிறது. முயல் கத்திச் சொல்லாது. சத்தமே போடாத பிராணி என்பதால்தான் அபார்ட்மென்ட்களில் இத்தனை பேர் வளர்க்கிறோம், அதே காரணத்தால்தான் அது படும் பாடு நம் காதுக்கு எட்டுவதில்லை.

அடுத்தது வெயில். "குத்தாலம் குளுகுளுன்னு தானே இருக்கும்?" என்று கேட்பீர்கள். குற்றாலம் குளிர்ச்சிதான், வருகிற வழி அப்படியில்லையே! ராஜபாளையம் தாண்டி வருகிறவர்களானாலும் ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாக வருகிறவர்களானாலும், பகல் பதினோரு மணி வெயிலில் கார் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டை அது பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியே விடும். 20 டிகிரி செல்சியஸும் அதற்குக் கொஞ்சம் குறைவும் அதற்குச் சுகம். 30 டிகிரியைத் தாண்டினால் மூச்சு வாங்கத் தொடங்கும். நம் மாநிலத்தில் முயல் ஆராய்ச்சி எங்கே நடக்கிறது என்று பாருங்கள். மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் இருக்கிறது. வொயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா என்று நாம் கேள்விப்படும் இனங்களெல்லாம் அங்கே வளர்க்கப்பட்டவை. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் முயல் வளர்ப்பது நீலகிரியில், சாண்டிநல்லாவில். இரண்டுமே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போகிற ஊர்கள். மலையடிவாரத்திலும் சமவெளியிலும் வளர்ப்பவர்கள் ஓலைக் கூரை, ஈரச் சாக்கு, மர நிழல் என்று எத்தனை ஏற்பாடு செய்கிறார்கள் என்று பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே, முயலோடு வருவதென்றால் விடியுமுன் கிளம்பிவிடுங்கள். திருநெல்வேலியிலிருந்து தென்காசி சுமார் 55 கிலோமீட்டர்தான். ஐந்து மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறும் முன் ரூமில் இருக்கலாம். மதுரையிலிருந்து வருகிறவர்கள் இன்னும் முன்னதாகக் கிளம்ப வேண்டும். சென்னையிலிருந்து இரண்டு நாளைக்காக முயலைக் கொண்டு வரவே வேண்டாம் என்பது என் கருத்து. போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி என்று ஆகிவிட்டால் அந்தப் பிராணிக்கு மிஞ்சுவது பயணம் மட்டும்தான்.

பிரானூர் பார்டர் பரோட்டாவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். குற்றாலம் வந்துவிட்டுப் பார்டருக்குப் போகாமல் யார் ஊர் திரும்புவார்கள்? கடை வாசலில் கார் நிறுத்த இடம் கிடைப்பதே பெரிய விஷயம், உள்ளே டேபிள் கிடைக்க இன்னும் கொஞ்ச நேரம், பரோட்டாவும் கோழியும் வந்து முடிக்க இன்னும் கொஞ்ச நேரம். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டு, "ஒரு பத்து நிமிஷம்தானே" என்று முயலைக் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருப்பதால் பெரிய வித்தியாசம் வராது. பெரியவர்கள் மாறி மாறிச் சாப்பிடலாம், அல்லது பார்சல் வாங்கிக்கொண்டு ரூமுக்குப் போகலாம். பார்டர் பரோட்டா பார்சலிலும் ருசியாகத்தான் இருக்கும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, எச்சில் வடிகிறது, காது சிவந்து கொதிக்கிறது என்றால் உடனே நிழலுக்குக் கொண்டு போய், குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்துக் காதை மட்டும் ஒற்றி எடுங்கள். ஐஸ் வைக்காதீர்கள், தண்ணீரில் முக்காதீர்கள். அப்படியே டாக்டரிடம் போங்கள்.

இப்போது அருவிக்கு வருவோம். பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய ஆசை. பேரருவி முன்னால் முயலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு போட்டோ. சாரலில் அது நனைந்து, மூக்கைத் துடிக்க வைப்பதை ரீல்ஸ் எடுக்க வேண்டும் என்று நினைக்கிற பெரியவர்களும் உண்டு.

பேரருவி கிட்டத்தட்ட 200 அடி உயரத்திலிருந்து வருகிறது. நடுவில் பொங்குமாங்கடல் என்கிற பாறைக் குழியில் விழுந்து, பொங்கி, மறுபடி கீழே இறங்குகிறது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசவே நாம் கத்த வேண்டியிருக்கிறது. நமக்குக் கேட்காத ஒலிகளைக்கூடக் கேட்கிற காது முயலுக்கு. அந்தக் காதோடு அங்கே நிற்பது எப்படி இருக்கும்? மிரண்ட முயல் பின்னங்காலால் உதைத்துத் துள்ளும். அதன் பின்னங்கால்களுக்கு இருக்கும் பலம் அதன் முதுகெலும்புக்கு இல்லை. கையில் சரியாகப் பிடிக்காத முயல் ஒரே உதையில் தன் முதுகைத் தானே முறித்துக்கொள்ளலாம். சினிமாவில் காட்டுகிற மாதிரி காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஒரு கை நெஞ்சுக்கடியில், இன்னொரு கை பின்பக்கத்தைத் தாங்கி, உங்கள் உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். வழுக்குகிற படியில், ஈரத் துணியோடு, இடித்துக்கொண்டு போகும் கூட்டத்தில் இதை யாரால் செய்ய முடியும்?

ஈரம் இன்னொரு தொல்லை. முயலைக் குளிப்பாட்டக் கூடாது. தண்ணீரில் முக்கினால் அதிர்ச்சியிலேயே விழுந்துவிடும் முயல்கள் உண்டு. அடர்த்தியான மயிர், உள்ளே நனைந்தால் எளிதில் காயாது. சாரல் காற்றில் உடம்புச் சூடு இறங்கிவிடும். ஈரமும் அழுக்கும் சேர்ந்த பின்பக்கத்தில் ஈ முட்டையிடும். ஒரே நாளில் அது புழுவாகி உயிருள்ள சதையையே தின்னத் தொடங்கும். எழுதவே மனசு வரவில்லை, ஆனாலும் மழைக்கால ஊருக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காலையும் மாலையும் வாலுக்கடியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் குரங்குகள். குற்றாலக் குறவஞ்சியிலேயே இடம் பிடித்தவை அவை. கையில் இருக்கும் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு போவதைப் பார்க்காமல் குற்றாலம் வந்து போனவர் யாராவது உண்டா? கேரட் வாசனையோடு ஒரு கூடையை அவற்றின் நடுவே எடுத்துப் போவது நல்லதல்ல. தெருநாய்களும் உண்டு. நாய் கடிக்கக்கூட வேண்டாம், பக்கத்தில் வந்து குரைத்தாலே முயலுக்குப் பெரிய அதிர்ச்சி.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று இருக்கிறது. அருவியில் இருக்கும்போது நம் கவனம் முழுவதும் நம் பிள்ளைகள் மேல் இருக்க வேண்டும். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் இறங்கியதை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. பதினேழு வயதுப் பையன் ஒருவனைப் பறிகொடுத்தோம். மேலே மலையில் மழை பெய்வது கீழே குளிக்கிறவர்களுக்குத் தெரியாது. போலீஸ்காரர் விசில் ஊதினால் அந்த நிமிஷமே வெளியேற வேண்டும். அந்த நேரத்தில் ஒரு கையில் குழந்தையும் இன்னொரு கையில் முயல் கூடையுமாக ஒரு அம்மா படியேறுவதை நினைத்துப் பாருங்கள். கூடையைப் பிடிக்கிற கை பிள்ளையைப் பிடிக்கட்டும்.

சரி, ரூமில் வைப்பது என்று முடிவாகிவிட்டது. லாட்ஜிலோ காட்டேஜிலோ அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே "முயல் ஒன்று இருக்கிறது, கூண்டில்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் துணி மூடி உள்ளே கொண்டு போவது யாருக்கும் நல்லதில்லை. சீசன் நேரத்தில் ஒரு ரூமுக்குப் பத்துப் பேர் காத்திருப்பார்கள், ராத்திரி பத்து மணிக்கு வெளியே போகச் சொன்னால் முயலோடு எங்கே போவீர்கள்?

உள்ளே நுழைந்ததும் முயலுக்கு ஒரு மூலை பார்த்துக் கொடுங்கள். டிவிக்குத் தள்ளி, ஏசி காற்று நேரே படாமல், ஜன்னல் வெயில் விழாமல். வீட்டில் போட்டிருந்த பழைய துண்டைத் துவைக்காமல் அப்படியே கொண்டு வந்து விரியுங்கள். அதன் வாசனைதான் அதற்கு வீடு. கூண்டுக்குள் ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி வையுங்கள், முதல் இரண்டு மணி நேரம் யாரும் தொட வேண்டாம். அவிழ்த்து விடுவதென்றால் போன் சார்ஜர் ஒயரை எல்லாம் மேலே எடுத்து வைத்துவிட்டு, கட்டிலுக்கடியில் எலி மருந்து ஏதாவது கிடக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு விடுங்கள். கொசுவர்த்திச் சுருளைக் கூண்டுக்குப் பக்கத்தில் ஏற்றாதீர்கள்.

குற்றாலத்துக்கே உரிய விஷயம் ஒன்றுண்டு. எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, அருவியில் நின்றுவிட்டு வந்தாலும் உடம்பில் எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருக்கும். அந்தக் கையோடு முயலைத் தூக்கினால் மயிரெல்லாம் எண்ணெயாகும், அதை நக்கி நக்கியே அது சுத்தம் செய்யும். மூலிகையும் கற்பூரமும் கலந்த எண்ணெய் அதன் வயிற்றுக்குள் போக வேண்டாம். சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டுத் தொடுங்கள், போதும்.

ஒரு ஆள் எப்போதும் ரூமில் இருக்கிற மாதிரி முறை வைத்துக்கொண்டால் ரொம்ப நல்லது. காலையில் அப்பாவும் பிள்ளைகளும் ஐந்தருவிக்குப் போகட்டும், மாலையில் அம்மாவும் பாட்டியும் பேரருவிக்குப் போகட்டும். எல்லா முறையும் அம்மா தலையிலேயே விழாமல் பார்த்துக்கொள்வது வீட்டிலுள்ள ஆண்களின் பொறுப்பு. முயல் வாங்கித் தரச் சொல்லி அடம் பிடித்தவர்களும் ஒரு முறை எடுத்துக்கொள்ளட்டும்.

தீனி விஷயத்தில் ஒரே விதிதான்: வீட்டில் என்ன தின்றதோ அதையேதான் இங்கேயும் கொடுக்க வேண்டும். காய்ந்த புல்லை வீட்டிலிருந்தே மூட்டையாகக் கட்டி வாருங்கள், இரண்டு நாளுக்குத் தேவையானதைப்போல இரண்டு பங்கு. வேலிமசால், முயல் மசால் போட்டுப் பழக்கியவர்கள் அதையும் கொண்டு வரலாம். கீரை தீர்ந்துவிட்டால் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை வழியிலேயே இருக்கிறது. முருங்கைக்கீரை, கொத்தமல்லித்தழை என்று வீட்டில் ஏற்கெனவே தின்று பழகியதை மட்டும் வாங்கி, நன்றாக அலசி, ஈரம் போக உதறிக் கொடுங்கள். ரோட்டோரப் புல்லைப் பிடுங்கிப் போட வேண்டாம். அதில் எந்த மருந்து அடித்திருக்கிறதோ, எந்த நாய் போனதோ!

சீசன் பழங்களைப் பார்த்ததும் கை நீளும். ரம்புட்டான், மங்குஸ்தான், பலாச்சுளை என்று ரோடு முழுக்கக் கடை. பிள்ளைகள் தங்கள் பங்கில் ஒன்றை முயலுக்கும் நீட்டுவார்கள், அன்பினால்தான். ஆனால் அவ்வளவு இனிப்பு முயலின் குடலைக் கெடுத்துவிடும். பழத்தை நீங்களே சாப்பிட்டுவிடுங்கள். தண்ணீரை மட்டும் மறக்க வேண்டாம். கிண்ணத்தில் குடித்துப் பழகிய முயலுக்குக் கிண்ணம், பாட்டிலில் பழகியதற்குப் பாட்டில்.

வண்டியில் கொண்டு வருவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுக் கொண்டு வருகிறார்கள். ஒரு மணி நேரத்தில் நனைந்து, கடித்து, அடி கழன்றுவிடும். கடையில் பூனைக்கென்று விற்கிற கெட்டியான பிளாஸ்டிக் கேரியர் முயலுக்கும் சரியாக இருக்கும். மேலேயும் கதவு திறக்கிறதாகப் பார்த்து வாங்குங்கள். அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு, அதன் மேல் துண்டு, அதன் மேல் நிறையப் புல். பிரேக் போடும்போது முயல் முகம் குப்புற அடிபடாமலிருக்க, கேரியரை சீட்டில் குறுக்காக வைத்து பெல்ட் போட்டுவிடுங்கள். முன்சீட்டுக்குப் பின்னால் கீழே இடம் இருந்தால் அது இன்னும் நல்லது. மடியில் வேண்டாம், டிக்கியில் வேண்டவே வேண்டாம். ஜோடியாக வளர்கிற முயல்களைப் பிரித்து ஒன்றை மட்டும் கொண்டு வராதீர்கள். கிளம்புகிற அன்றைக்குத்தான் கேரியரை முதல்முறையாகக் காட்டுவது சரியில்லை. இரண்டு வாரத்துக்கு முன்பே வீட்டில் திறந்து வைத்து, உள்ளே கொஞ்சம் கீரையைப் போட்டுவிட்டால் தானாகவே போய் உட்காரப் பழகும்.

ரயிலில் வருகிறவர்களுக்கு இது சுலபமில்லை. ஏசி முதல் வகுப்பில் கூபேயையோ கேபினையோ முழுவதும் பதிவு செய்தால் நாயை உடன் கொண்டு போகலாம் என்று ரயில்வே விதி இருக்கிறது. மற்ற வகுப்புகளில் பக்கத்து சீட்காரர்கள் ஆட்சேபித்தால் சங்கடம்தான், பார்சல் பெட்டியில் முயலை ஏற்றுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இருட்டு, வெக்கை, இரும்புச் சத்தம். பஸ்ஸும் அப்படியே. கூட்டமில்லாத காலை நேரத்தில், கண்டக்டரைக் கேட்டுக்கொண்டு, ஒரு மணி நேரத் தூரம் என்றால் சரி. அதற்கு மேல் வேண்டாம்.

மருந்து விஷயத்தில் கையைக் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப் பாதி மீந்து பிரிட்ஜில் இருக்கும். முயல் மந்தமாக இருந்தால் அதில் இரண்டு சொட்டு விட்டுப் பார்க்கத் தோன்றும். விடாதீர்கள். வாய் வழியாகக் கொடுக்கும் பென்சிலின் வகை மருந்துகள் முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று, முயலையே கொன்றுவிடும். நாய்க்கு உண்ணி போக அடிக்கிற ஃபிப்ரோனில் ஸ்பிரேயும் முயலுக்கு விஷம். எந்த மருந்தானாலும் "இது முயலுக்கு" என்று டாக்டரிடம் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

டாக்டர் எங்கே? கிளம்பும் முன்பே இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. தென்காசியில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. ஆடு மாடு பார்த்தே பழகிய கூட்டம் அங்கே அதிகம் என்பதால் நேரத்தைப் போனில் விசாரித்துக்கொண்டு போங்கள். சிக்கலான நிலை என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2012-இல் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதறிக்கொண்டு கூகுளில் தேடுவதைவிட, வெள்ளிக்கிழமை மத்தியானமே இரண்டு நம்பரைக் குறித்து வைப்பது மேல்.

இவ்வளவையும் படித்த பிறகு, "பேசாமல் வீட்டிலேயே விட்டுவிடலாம் போலிருக்கே" என்று தோன்றினால் எனக்குச் சந்தோஷம். முயலுக்குத் தன் மூலை, தன் கிண்ணம், தன் வாசனை இருந்தால் இரண்டு நாள் நம்மைத் தேடாது. ஆனால் மூன்று நாளைக்கான தீனியைக் குவித்துப் போட்டுப் பூட்டிவிட்டுப் போவது கணக்கில் சேராது. காலையும் மாலையும் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். எதிர்வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுக்கும்போது, "கொஞ்சம் கீரை போட்டுருங்கக்கா" என்று மட்டும் சொல்லாதீர்கள். கீரை போடுவார், போட்டுவிட்டுப் போய்விடுவார். முந்தின வேளை போட்டதைத் தின்றிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கூண்டுத் தட்டை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எதற்கு இந்த அசிங்கமெல்லாம் என்று அவர் சிரித்தால், காரணத்தை விளக்கிச் சொல்லுங்கள். ஒரு தடவை புரிந்துவிட்டால் உங்களைவிட அக்கறையாகப் பார்ப்பார். வரும்போது அவருக்கு ஒரு கிலோ மங்குஸ்தானும் நேந்திரங்காய் சிப்ஸும் வாங்கி வருவதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன?

வயதான முயல், சினையாக இருக்கும் முயல், போன வாரம்தான் உடம்பு சரியில்லாமல் இருந்த முயல், இவற்றைக் கிளப்பவே கிளப்பாதீர்கள். அந்த வாரம் பயணத்தையே தள்ளி வைக்கிற வீடுகளும் இருக்கின்றன. சீசன் ஆகஸ்ட் வரைக்கும் இருக்கிறது, அருவி எங்கேயும் போய்விடாது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது. முயல் வளர்த்துச் சலித்தவர்கள் சிலர், "மலைப் பக்கம் விட்டுட்டா பிழைச்சுக்கும்" என்று நினைத்துக் கொண்டு வருகிறார்கள். பிழைக்காது. நம் வீட்டு முயலின் முன்னோர்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. நம் காட்டில் ஓடுகிற காட்டு முயல் வேறு இனம், 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். வெள்ளை வெளேரென்று கூண்டில் வளர்ந்த முயலை மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் விட்டால் முதல் ராத்திரியே நாய்க்கோ நரிக்கோ இரையாகும். தப்பிப் பிழைத்துப் பெருகினால் அது அதைவிட மோசம். ஆஸ்திரேலியாவில் 1859-இல் ஒரு பண்ணைக்காரர் வேட்டைக்காக விட்ட சில முயல்கள் பெருகி, ஒரு கண்டத்தின் மேய்ச்சல் நிலத்தையே மொட்டையடித்துவிட்டன. வளர்க்க முடியவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. வளர்க்கத் தெரிந்த ஒரு வீட்டைத் தேடிக் கையில் கொடுங்கள். வீட்டு முயல் எட்டு, பத்து வருஷம்கூட வாழும் என்பதை வாங்கும் அன்றே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

ஊர் திரும்பிய பிறகும் இரண்டு நாள் கண் வைத்திருங்கள். வண்டியில் தெம்பாக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் சுருண்டுவிடும் முயல்கள் உண்டு. திங்கட்கிழமை ஆபீஸ், ஸ்கூல் என்று எல்லோரும் பறக்கும் முன் கூண்டுத் தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

உங்களிடம் எனக்கு ஒரு உதவி வேண்டும். உங்கள் ஊரில் முயலுக்குப் பொறுமையாக வைத்தியம் பார்க்கும் கால்நடை டாக்டர் இருக்கிறாரா? குற்றாலத்திலும் தென்காசியிலும் செங்கோட்டையிலும் கூண்டுப் பிராணியோடு தங்க அனுமதித்த லாட்ஜ் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா? ஒரு போஸ்ட் கார்டில் எழுதிப் போடுங்கள். நாங்கள் நேரில் விசாரித்து, அவர்களுடைய சம்மதத்தோடு ஊர்வாரியாகத் தொகுத்து அடுத்த இதழிலேயே அச்சிடுகிறோம். ஆடிக் கூட்டம் தொடங்குவதற்குள் அது எல்லோர் கையிலும் இருந்தால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்